ஓடுவதைத் தொடாதே

கசாக் புல்வெளியில் இருக்கிற எங்கள் ஊரில் ஆண்டுக்கு இரண்டே காலம். சூடு விடுகிற காலம், சூடு விடாத காலம். அக்டோபர் பாதியில் வெப்ப நிலையத்துக் கொதிகலன்களில் நிலக்கரி விழ ஆரம்பித்தால், ஏப்ரல் பதினைந்து வரை விழுந்துகொண்டே இருக்கும். கொதித்த நீர் தடித்த குழாய்களில் ஊர் முழுக்க ஓடி, ஒவ்வொரு வீட்டிலும் சன்னலுக்குக் கீழே இருக்கிற இரும்புப் பட்டைகளைச் சூடாக்கிவிட்டு, ஆறிப்போய் நிலையத்துக்கே திரும்பும். வெளியே மைனஸ் முப்பது டிகிரி. குழாய் நின்றால் ஊர் நின்றது, அவ்வளவுதான் கணக்கு.

நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் முழ நீள எழுத்துகள் இருக்கும்: ஓடுவதைத் தொடாதே. எழுதச் சொன்னவர் தலைமைப் பொறியாளர் சாபிர்ஜான். வயதுக்கும் பதவிக்கும் மரியாதை கொடுத்து ஊரே அவரை 'சாகே' என்றுதான் கூப்பிடும். சும்மா எழுதிவைக்கவில்லை அவர். பல வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில், ஒரு புத்திசாலி நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்பைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினான். புதிது ஓடவில்லை. பழையதைத் திரும்ப மாட்டுவதற்குள் ஆற்றின் இடக்கரை முழுக்கக் குழாய்கள் உறைந்து வெடித்தன. அப்போது இளைஞராக இருந்த சாகே குழாய்ப் பள்ளத்தில் நின்று நின்று, இடது காலில் இரண்டு விரல்களைக் குளிருக்குக் கொடுத்தார். அந்தப் புத்திசாலி அவருடைய நண்பன். சிறைக்குப் போனான்.

அதிலிருந்து நிலையத்தில் ஒரே சட்டம். சூடு விடுகிற காலத்தில் ஓடுகிற எதிலும் யாரும் கை வைக்கக் கூடாது. உடைந்தால் தொடலாம். மற்றபடி மாற்றம், மேம்பாடு, புதுமை என்று யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் ஏப்ரல் பதினாறுக்குப் பிறகு வரவேண்டும். நல்ல சட்டம்தான். ஜுபாரேகூட அதைக் குறை சொன்னதில்லை, அந்த நவம்பர் வரை.

ஜுபார் நிலையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். முப்பத்தைந்து வயது இருக்கும். கொதிகலன்களை இப்போது கணினிகள்தான் ஓட்டுகின்றன. எவ்வளவு கரி, எவ்வளவு காற்று, எவ்வளவு தண்ணீர் என்று அவைதான் முடிவெடுக்கும். அந்தக் கணினிகள் என்றைக்காவது மண்டையைப் போட்டால் திரும்ப எழுப்புவதற்காக, அவற்றில் உள்ள எல்லாவற்றையும் தினமும் நகல் எடுத்து வைக்கிற ஒரு பேக்கப் சர்வர், நடைக்கோடியில் ஓர் இரும்பு அலமாரிக்குள் இருந்தது. அது இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. நகல் எடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கணினிக்குள்ளும் போய் வர வேண்டும். அதனால் எல்லாக் கணினிகளின் சாவியும் அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தது. ஊரில் எல்லோரும் நம்பிச் சாவி கொடுத்துவிட்டுப் போகிற பக்கத்து வீட்டுக்காரி மாதிரி.

நவம்பர் நடுவில் அந்த நகல் எடுக்கும் மென்பொருளைச் செய்தவர்களிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. மென்பொருளில் ஓட்டை இருக்கிறது. கடவுச்சொல்லே இல்லாமல் வெளியாள் நுழைந்து, அதில் இருக்கும் சாவிகளை அள்ளிக்கொண்டு போகலாம். சில இடங்களில் ஏற்கெனவே அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஓட்டையை அடைக்கும் பேட்ச் தயார். இன்றே போட்டுக்கொள்ளுங்கள்.

ஜுபார் அதை இரண்டு தடவை படித்தாள். பேட்ச்சை இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு நேரே சாகேயின் அறைக்குப் போனாள். அவர் பாலூற்றிய தேநீரில், எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான பவுர்சாக்கை முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சாகே, எனக்கு ஒரு அரை மணி நேரம் வேணும். பேக்கப் சர்வரை நிறுத்தி, பேட்ச் போட்டுட்டு திரும்ப விட்டுடறேன்."

"பேட்ச்சுன்னா?"

"ஒட்டுப் போடுற மாதிரி. ஓட்டை இருக்கு, அடைக்கணும்."

"ஒழுகுதா?"

"ஒழுகல."

"நின்னுபோச்சா?"

"நிக்கல."

"அப்ப ஓடுது."

"ஓடுது சாகே, ஆனா..."

"ஐனலாயின்," என்றார் சாகே. எங்கள் பக்கத்தில் இதைவிடச் செல்லமாக ஒரு பிள்ளையைக் கூப்பிட முடியாது. ஆனால் நிலையத்தில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், சாகே இந்த வார்த்தையை வைத்துப் பேச்சைத் தொடங்கினால் காரியம் நடக்காது. "ஐனலாயின், நம்மகிட்ட என்ன இருக்குன்னு எவன் வரப்போறான்? கரியும் சாம்பலும்தான் இருக்கு. சாம்பல் வேணும்னா அள்ளிட்டுப் போகச் சொல்லு, எனக்கு லாரி மிச்சம்."

"அவங்க எடுத்துட்டுப் போக வரமாட்டாங்க. எல்லாத்தையும் பூட்டிட்டுப் போவாங்க. திறக்கணும்னா பணம் கேப்பாங்க. நம்மகிட்ட நகல் இருந்தா போடான்னு சொல்லிடுவோம்ல? அதனால முதல்ல நகலைத்தான் அழிப்பாங்க. அப்புறம்தான் மத்தது."

சாகே பவுர்சாக்கைக் கீழே வைத்தார். அவர் முட்டாள் இல்லை. கவனமாகத்தான் கேட்டார்.

"நிறுத்தினா திரும்ப எந்திரிக்குமா? சத்தியமா சொல்லு."

ஜுபார் பொய் சொல்லியிருக்கலாம். "பெரும்பாலும் எந்திரிச்சிரும்," என்றாள்.

"அந்தப் பம்பு மாட்டினவனும் இதையேதான் சொன்னான். இதே குரல்ல." சாகே எழுந்து அவளைக் கதவுவரை கொண்டுவந்து விட்டார். "ஏப்ரல் பதினாறு வா. முதல் ஆளா உன்னைத்தான் கூப்பிடுவேன்."

வெளியே ஷிஃப்ட் ஆபரேட்டர் கெனாதி சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு மானிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"என்ன, ஐனலாயின் சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு."

"அப்ப சரி, வசந்தத்துல பாப்போம். டீ குடிக்கிறியா?"

ஜுபார் குடிக்கவில்லை. அவளுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது. பயத்துக்குக் காரணம் வீட்டில் இருந்தது. தங்கை தோக்ஜான் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றிருந்தாள். உள்ளங்கை அகலம்தான் முதுகு. தோக்ஜானின் கணவன் தூரத்து எண்ணெய் வயலில் வேலை, மாதக்கணக்கில் வரமாட்டான். அதனால் தாயும் பிள்ளையும் ஜுபாரோடு இருந்தார்கள். வீடு ஆற்றின் இடக்கரையில், ரயில்வே குடியிருப்பில், குழாய் போய் முடிகிற கடைசிக் கட்டடத்தில். நிலையத்தில் சூடு குறைந்தால் ஊரிலேயே முதலில் குளிர்கிற வீடு அதுதான். பிறந்து நாற்பது நாள் முடியாத பிள்ளையை எங்கள் பக்கத்தில் வாசலைத் தாண்டித் தூக்கிப்போக மாட்டார்கள். சாதாரணப் பிள்ளைக்கே அப்படி. இந்தப் பிள்ளையை வெளிக்காற்றில் காட்டவே கூடாது என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். வீடு சூடாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது.

ஜுபார் இன்னும் இரண்டு தடவை சாகேயிடம் போனாள். ஒரு தடவை அறிவிப்பை ரஷ்ய மொழியிலும் கசாக் மொழியிலும் எழுதி எடுத்துக்கொண்டு போனாள். சாகே இரண்டையும் படித்தார். "கையெழுத்து அழகா இருக்கு," என்றார். இன்னொரு தடவை, பேக்கப் சர்வரின் கேபிளையாவது பிடுங்கி வைக்கிறேன் என்று கேட்டாள். பிடுங்குவதும் மாற்றம்தானே என்றார். பென் டிரைவ் அவள் கோட்டுப் பையில், வீட்டுச் சாவியோடு சேர்ந்து சத்தம் போட்டுக்கொண்டே கிடந்தது.

டிசம்பர் பிறந்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் அப்படியொரு யோசனை வரும். ஓடுவதைத் தொடக் கூடாது. உடைந்தால் தொடலாம். அப்படியென்றால் உடைய வேண்டும்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், நடைக்கோடி அலமாரியைத் திறந்தாள். சர்வரின் மூடியைக் கழற்றி, உள்ளே மின்சாரம் வரும் ஒயர்களில் ஒன்றைச் செருகியிலிருந்து உருவிவிட்டு, மூடியைத் திரும்ப முடுக்கினாள். பெட்டி செத்தது. வாழ்க்கையில் அதுவரை எந்த மெஷினுக்கும் அவள் துரோகம் செய்ததில்லை. பழுது என்று சொன்னால் சாகே 'பாரு' என்பார், ஒயரைச் செருகுவோம், அதே கையோடு பேட்ச்சையும் போட்டுவிடுவோம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

சாகே வந்து இருண்ட பெட்டியைப் பார்த்தார். "கொதிகலனுக்கு ஏதாச்சும்?"

"ஒண்ணும் ஆகல. நகல் எடுக்கிறது மட்டும் நின்னுபோச்சு. நான் இப்பவே சரிபண்ணிடறேன் சாகே, அரை மணி..."

"இரு, இரு. இது நின்னா ஊரு குளிராதுல்ல?"

"குளிராது, ஆனா..."

"அப்ப அவசரம் இல்ல. விபத்துன்னா விசாரணைக் கமிஷன் வந்து பாக்கணும். காரணம் தெரியாம தொட்டோம்னா நாளைக்கு நம்ம தலையிலதான் விடியும்."

போச்சு. ஜுபார் போட்ட கணக்கெல்லாம் காற்றில் போனது. மறுநாளே நகராட்சியிலிருந்து பாதுகாப்பு ஆய்வாளர் குதைபெர்கென் வந்தார். அலமாரிக்கு வந்த எல்லா ஒயரையும் பிடுங்கச் சொன்னார். கதவின் குறுக்கே இரண்டு காகிதப் பட்டைகளை ஒட்டி, ஊதா மையில் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டார். புத்தாண்டு கழித்துக் கமிஷன் கூடும். அதுவரை முத்திரையை யார் கிழித்தாலும் வழக்கு.

"கவலைப்படாத மா," என்றான் கெனாதி. "இனிமே அதுல எந்த ஓட்டையும் இல்ல. குதைபெர்கென் காகிதம் ஒட்டி அடைச்சிட்டாரு."

ஜுபார் அவனை முறைத்துவிட்டுப் போனாள். ஓட்டையும் அடைபடவில்லை, புதிய நகலும் இல்லை, கமிஷன் விசாரித்தால் ஒயரை உருவியவள் அவள் என்று தெரிந்துவிடும். தலையைச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

டிசம்பர் பதினாறு எங்கள் நாட்டுச் சுதந்திர தினம், விடுமுறை. காலையில் ஜுபார் குழந்தையின் துணிகளை இரும்புப் பட்டையின் மேல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கெனாதி போன் செய்தான்.

"ஜுபார், ஸ்க்ரீன்ல எல்லாம் கறுப்பாயிடுச்சு. இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்கான். மண்டை ஓடு வேற வரைஞ்சிருக்கான். இது நீ சொன்ன அதுதானே?"

"எல்லா ஸ்க்ரீன்லயுமா?"

"எல்லாத்துலயும். ரெண்டு கொதிகலன் தானா அணைஞ்சிருச்சு. மூணாவத நான் கையால ஓட்டிட்டிருக்கேன். சீக்கிரம் வா தாயி."

அவள் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சாகே அவளுக்கு முன்னால் வந்திருந்தார். விடுமுறைக் கோட்டும் டையுமாக, கறுத்த திரைகளின் முன்னால் நின்றார். அவருடைய முகம் வெளுத்திருந்தது. கணினிகளில் இருந்தது அத்தனையும் பூட்டப்பட்டிருந்தது. திறக்க வேண்டுமென்றால் இந்த முகவரிக்கு எழுது என்று மண்டை ஓட்டுக்குக் கீழே இருந்தது. ஜுபார் முதல் வேலையாக வெளியுலகத்துக்குப் போகிற கேபிள்களை எல்லாம் பிடுங்கினாள். யாரும் அவளிடம் இது மாற்றமா என்று கேட்கவில்லை.

கணினி சொல்லாமல் ஒரு கொதிகலனைத்தான் கையால் ஓட்ட முடியும். இரண்டாவதையும் பற்றவைத்தால் காற்றும் கரியும் பிசகி வெடித்துவிடும் ஆபத்து உண்டு. ஒரு கொதிகலன் சூடு வலக்கரைக்கே போதாது. வெளியே மைனஸ் முப்பத்திரண்டு. ஊரிலிருந்து திரும்பி வரும் தண்ணீரின் மானி முள் இறங்கிக்கொண்டே இருந்தது. கெனாதி அதன் முன்னால் நின்று, விதை கொறிக்காமல், வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான்.

ஜுபாரின் போன் அடித்தது. தோக்ஜான்.

"அக்கா, பட்டையில கைய வெச்சா வெதுவெதுன்னுதான் இருக்கு. ஹீட்டர் போட்டேன். கட்டடத்துல எல்லாருமே போட்டுட்டாங்க போல, ஃப்யூஸ் போயிடுச்சு. ஜன்னல்ல உள்பக்கம் பனி கட்டுது. பிள்ளைய எங்க தூக்கிட்டுப் போறது? சொல்லேன்."

"எங்கயும் போகாத. உன் நெஞ்சோட சேத்து வெச்சு மேல கோட்டப் போட்டுக்க. சமையலறையில கேஸ் அடுப்பப் பத்த வெச்சுட்டு அங்க போய் உக்காரு. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்கோ, மூச்சு முட்டிடும். நான் இங்க பாத்துக்கறேன்."

"எவ்வளவு நேரமாகும்?"

ஜுபார் மானி முள்ளைப் பார்த்தாள். சாகே பக்கத்தில்தான் நின்றார், எல்லாமே அவர் காதில் விழுந்தது. "இடக்கரைதானே?" என்றார்.

"கடைசிக் கட்டடம்."

அவர் இடது காலை மாற்றி ஊன்றினார்.

"நகல் இருக்கு சாகே," என்றாள் ஜுபார். "மத்த எல்லாத்தையும் பூட்டிட்டாங்க. அந்த அலமாரிக்குள்ள இருக்கிறத மட்டும் அழிக்க முடியல. ஒயர் எல்லாத்தையும் குதைபெர்கென் பிடுங்கிட்டாருல்ல, அதான் அவங்க கைக்கு எட்டல."

"கெனாதி, குதைபெர்கெனுக்குப் போன் போடு."

போட்டான். எடுத்தது குதைபெர்கெனின் மைத்துனன். டிசம்பரில் குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்க்கக் குதிரை அறுக்காத குடும்பம் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆய்வாளர் அதற்காக மாமனார் ஊருக்குப் போயிருந்தார்.

"குதிரையப் பிடிக்கப் பட்டிக்குப் போயிருக்காராம்," என்று கெனாதி போனை மூடாமலே சொன்னான். "அங்க சிக்னல் கிடையாதாம். சாயங்காலம் வந்ததும் பேசச் சொல்றேங்கறான். நம்மளையும் கறி சாப்பிட வரச் சொல்றான்."

யாரும் சிரிக்கவில்லை. நால்வரில் ஒருவர் குதிரை பிடிக்கப் போய்விட்டார், மூவர் ஒரு காகிதப் பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாகே வாழ்நாள் முழுக்க முத்திரையை மதித்தவர். அவருடைய நண்பனின் வழக்கிலும் அந்தப் பம்பின் மேல் ஒரு முத்திரை வைத்தார்கள். அது கிழியாமல் வைத்தபடியே இருந்ததால்தான் தப்பு இவர்மேல் விழவில்லை.

"அந்த நகல் எப்ப எடுத்தது?" என்று கேட்டார்.

"பெட்டி நின்னதுக்கு முந்தின நாள்."

"ரெண்டு வாரம் பழசு. அதை வெச்சு கொதிகலனை ஓட்டினா? நடுவுல ஒரு எண்ணு மாறியிருந்தாக்கூட..."

"யாரு மாத்தினா?"

"என்ன?"

"நடுவுல யாரு என்னத்த மாத்தினா சாகே? அக்டோபர்லேர்ந்து இங்க ஒரு திருகாணிய யாராவது திருப்பியிருக்காங்களா?" ஜுபார் சுவரைக் காட்டினாள். "நீங்கதான் விடலையே. அது பழசே இல்ல. இன்னைக்குக் காலையில எடுத்த மாதிரிதான்."

சாகே திரும்பிச் சுவரைப் பார்த்தார். முழ நீளச் சிவப்பு எழுத்துகளைக் கொஞ்ச நேரம், தான் எழுதாததைப் படிப்பது போலப் படித்தார். பிறகு நடைக்கோடிக்கு நடந்தார். கையுறையைக் கழற்றினார். நகத்தால் பட்டையின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார், பசை வரவில்லை. அப்படியே விரலை உள்ளே விட்டு இரண்டு பட்டைகளையும் கிழித்தார். ஊதா முத்திரை இரண்டாகப் போனது.

"சரிபண்ணு," என்றார்.

ஜுபார் மூடியைக் கழற்றினாள். கையை உள்ளே விட்டு அந்த ஒயரைச் செருகி, வெளியிலிருந்து வரும் மின்சார ஒயரை மட்டும் திரும்ப மாட்டினாள். பெட்டி உயிர்த்து, விசிறிகள் சுற்றத் தொடங்கின. அவ்வளவும் ஒரு பெருமூச்சு நேரத்தில் முடிந்தது.

"எங்க பழுதுன்னு நீ தேடவே இல்லையே," என்றார் சாகே.

ஜுபாருக்குக் காது மடல் எரிந்தது. "தேட வேண்டியதில்ல சாகே."

சாகே அந்த ஒயரையும் அவளையும் ஒரு தடவை பார்த்தார். கெனாதி திடீரென்று மானியைப் பார்க்கப் போய்விட்டான்.

"ஓட்டை இன்னும் அப்படியேதான் இருக்கு," என்றாள் ஜுபார், குனிந்த தலை நிமிராமல். "மத்த கணினிகளோட சேக்கறதுக்கு முன்னாடி பேட்ச் போடணும். சாவி எல்லாத்தையும் மாத்தணும். இது மாற்றம்தான், நான் மறைக்கல."

"அது உன்கிட்ட இருக்கா?"

அவள் கோட்டுப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள். வீட்டுச் சாவியும் கூடவே வந்தது. "நவம்பர்லேர்ந்து இருக்கு."

"போடு."

போட்டாள். சாகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பெட்டி அணைந்து, தானே எழுந்து, பழையபடி ஓடியது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"அரை மணின்னு கேட்டியே."

"பாதுகாப்புக்குக் கூட்டிக் கேட்டேன்."

அதற்குப் பிறகு ஜுபார் கணினிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, நகலிலிருந்து எழுப்பினாள். மதியத்துக்குப் பிறகு, அணைந்துபோன இரண்டு கொதிகலன்களில் ஒன்று பற்றியது. பொழுது சாய்கிறபோது மற்றதும் பற்றியது. எண்கள் எல்லாம் அப்படியே பொருந்தின, ஒரு புள்ளி பிசகவில்லை. இதற்கிடையில் இடக்கரையில் ஒரு கட்டடத்தின் மாடிப்படிக் குழாய் வெடித்தது, ரயில்வே மருந்தகத்தை மூடினார்கள், கடைசிக் கட்டடத்தில் சன்னலில் கட்டிய பனி விரல் தடிமன் ஆனது. தோக்ஜான் கோட்டுக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இருட்டிய பிறகு போன் செய்தாள்.

"அக்கா, பட்டை 'டக் டக்'னு சத்தம் போடுது."

"சூடு ஏறுது. கைய வெச்சுப் பாரு."

"சுடுது," என்று சொல்லிவிட்டு அழுதாள். பிள்ளையும் சேர்ந்து அழுதது. குறைமாதப் பிள்ளைக்கு அவ்வளவு குரல் இருக்கிறது என்று ஜுபாருக்கு அன்றுதான் தெரிந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சில நாட்கள் கழித்துச் சாகே அவளுடைய அறைக்கு வந்தார். வழக்கமாக அவள்தான் அவர் அறைக்குப் போவாள்.

"தடம் எல்லாம் பாத்தியா? அவனுங்க எப்ப உள்ள வந்தானுங்க?"

ஜுபாருக்கு இதைச் சொல்ல விருப்பமே இல்லை. கேட்டால் சொல்லாமல் இருக்கவும் அவளுக்குத் தெரியாது. "நவம்பர் கடைசியில. அந்த ஓட்டை வழியாத்தான் வந்து சாவிய எடுத்திருக்காங்க. அப்புறம் விடுமுறை வரட்டும்னு காத்துட்டு இருந்திருக்காங்க."

"நீ முதல்ல வந்து கேட்டது?"

"அதுக்குப் பத்து நாள் முன்னாடி."

"அன்னைக்கே போட்டிருந்தா?"

"வந்திருக்க மாட்டாங்க."

சாகே தலையை ஆட்டினார். சன்னலுக்கு வெளியே புகைபோக்கியைப் பார்த்தார். "நீ பெட்டியக் கெடுக்காம இருந்திருந்தா நகலும் போயிருக்கும்."

"அது நான் நினைச்சு செஞ்சதில்ல சாகே. நான் நினைச்சது வேற. எனக்கு அதை நினைச்சா இப்பவும் கூசுது."

"நான் நினைச்சதும் வேறதான்," என்றார் அவர். எழுந்து, இடது காலை இழுத்துக்கொண்டு போனார்.

ஜனவரியில் கமிஷன் கூடியது. குதைபெர்கென் நடுவில் உட்கார்ந்து, கிழிந்த இரண்டு பட்டைகளையும் மேசைமேல் வைத்திருந்தார். இதைக் கிழித்தது யார்? சாகே எழுந்து நின்றார். நான். வழக்கு வரும் என்று தெரியுமா? தெரியும். சரி, அந்த மெஷின் எதனால் நின்றது?

ஜுபார் எழுந்தாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் சாகே அவள் பக்கம் திரும்பினார்.

"ஐனலாயின், உக்காரு," என்றார்.

அந்த வார்த்தைக்கு நிலையத்தில் மறுபேச்சு கிடையாது. அவள் உட்கார்ந்தாள்.

"தானா நின்னுச்சு," என்றார் சாகே கமிஷனைப் பார்த்து. "பழைய பெட்டி. உள்ள ஒயர் தளர்ந்திருச்சு. என் வயசுல எல்லாம் தளரத்தான் செய்யும்." காகிதத்தில் ஒரு பொய்கூட எழுதாமல் இத்தனை வருடம் வேலை பார்த்த மனிதர், கீழே கையெழுத்துப் போட்டார்.

வழக்கு இல்லை. பழைய சேவையைப் பார்த்து விட்டுவிட்டார்கள். தலைமைப் பொறியாளர் பதவியிலிருந்து மட்டும் இறக்கி, ஷிஃப்ட் பொறியாளராகக் கட்டுப்பாட்டு அறையில் உட்காரவைத்தார்கள். புதிய தலைமைப் பொறியாளர் மாவட்டத் தலைநகரிலிருந்து வந்தார். சுறுசுறுப்பானவர். எல்லாவற்றுக்கும் காரணம் சட்டம் தளர்ந்ததுதான் என்று கமிஷன் அறிக்கையில் இருந்ததால், வந்த வாரமே சுவரில் இருந்த எழுத்துகளுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கவைத்தார். கொஞ்சம் பெரிதாக்கியும் எழுதச் சொன்னார். இடம் போதாமல் கடைசி எழுத்து கதவு நிலையில் ஏறிவிட்டது.

பிப்ரவரியில் இன்னோர் அறிவிப்பு வந்தது. அதே மென்பொருள், வேறு ஓட்டை, வேறு பேட்ச். ஜுபார் புதிய தலைமைப் பொறியாளரின் கதவைத் தட்டினாள். அவர் முழுவதும் கேட்டார். பிறகு ஏப்ரல் பதினாறு என்றார்.

பேட்ச்சை இறக்கி, பென் டிரைவைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, ஜுபார் நடைக்கோடிப் பக்கம் நடந்தாள். கட்டுப்பாட்டு அறையைத் தாண்டித்தான் அங்கே போக முடியும். சாகே புதுப் பெயின்ட்டுக்குக் கீழே உட்கார்ந்து மானிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கெனாதி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"எங்க போற?" என்றார் சாகே, தலையைத் திருப்பாமல்.

அவள் நின்றாள். பையில் சாவி சத்தம் போட்டது. "டீ குடிக்க."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி."

சாகே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மானியைப் பார்த்தார். தண்ணீர் வேண்டிய சூட்டில் போய், வேண்டிய சூட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"நீ எப்பவும் கூட்டித்தான் கேப்ப," என்றார். "போ. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ, சூடு வெளிய போயிடும்."